உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் கையெழுத்து எதற்கு? காசிமேட்டு வீடுகளுக்கு ஒரு சட்ட விளக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஒருபக்கம் வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் நடக்கும். இன்னொரு பக்கம், 'வெளிநாட்டு போட்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம்' என்ற பேச்சு ஓடும். கையில் காசு இல்லாத மாதங்கள் அல்லவா?

ஆண் கிளம்பினால் பாஸ்போர்ட்டுக்கு மனைவியின் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. பெண் கிளம்பினால்?

2025-ல் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கேள்வி வந்தது. கணவரோடு சேர்ந்து வாழவில்லை, விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஏப்ரலில் அவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். 'ஜே' படிவத்தில் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கோர்ட்டில் எதிரெதிரே நிற்கும் மனிதரிடம் போய் எப்படிக் கையெழுத்து கேட்பது? அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ஜூன் மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மனைவி பாஸ்போர்ட் வாங்க கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, கல்யாணம் ஆனதால் ஒரு பெண் தன் தனி அடையாளத்தை இழந்துவிடுவதில்லை. மனைவியைக் கணவனின் உடைமைபோலப் பார்க்கும் மனப்போக்குதான் இது என்றும் கண்டித்தார். நான்கு வாரத்துக்குள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உத்தரவும் போட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதி ஏற்கெனவே பெண்கள் பக்கம்தான் இருந்தது. திருமணச் சான்றிதழோ விவாகரத்து உத்தரவோ கட்டாயமில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. கணவர் பெயரைப் போடச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. கவுன்ட்டரில் யாராவது 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்றால், அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். என்ன ஆவணம் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு எடுக்கும்போது

18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எடுப்பது என்றால் கதை வேறு. அப்பா, அம்மா இருவரும் சம்மதித்தால் 'டி' இணைப்புப் படிவம் போதும். ஒருவர் சம்மதம் தரவில்லை, அல்லது ஆளே தொடர்பில் இல்லை என்றால் 'சி' இணைப்பு. அதில் பிள்ளையை வளர்க்கும் அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டு, காரணத்தை எழுதலாம். கோர்ட்டில் கேஸ் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. பின்னால் தெரியவந்தால் பாஸ்போர்ட்டையே ரத்து செய்ய முடியும்.

போனவர் பேசவே இல்லை என்றால்

கையெழுத்துப் பிரச்னையைவிடக் கனமானது இது. வெளிநாடு போன கணவர் முதல் ஆறு மாதம் பணம் அனுப்புகிறார். பிறகு போன் நம்பர் மாறுகிறது. கடைசியில் ஒன்றுமே இல்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகும் பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

வழக்கமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டாக ஒருவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்றால், அவர் உயிரோடு இல்லை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 111-வது பிரிவாகியிருக்கிறது. வங்கிப் பணம், வாரிசு உரிமை எல்லாம் பெரும்பாலும் இந்த ஏழு ஆண்டில்தான் மாட்டிக்கொள்கின்றன. 2017-ல் ஒக்கி புயலில் காணாமல் போன குமரி மாவட்ட மீனவர் குடும்பங்களுக்கு அத்தனை காலம் காத்திருக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. ஆனால், அது பேரிடர். தனி ஆளாகத் தொலைந்தவருக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. அதனால்தான், 'இன்னைக்கு வந்துடுவாரு, நாளைக்கு வந்துடுவாரு' என்று இருக்காமல், முதலிலேயே காவல் நிலையத்தில் 'ஆள் காணவில்லை' என்று எழுதிக்கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும். பின்னாளில் கோர்ட்டில் அந்தத் தேதிதான் பேசும்.

கல்யாண பந்தத்திலிருந்து விடுபட நினைத்தால், காலக்கெடு மதத்துக்கு மதம் மாறுகிறது. இந்து, கிறிஸ்தவ திருமணச் சட்டங்களில் ஏழு ஆண்டு தகவல் இல்லாததும் விவாகரத்துக்குக் காரணம், இரண்டு ஆண்டு கைவிட்டுவிட்டுப் போனதும் காரணம். இஸ்லாமியப் பெண்களுக்கு 1939-ம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு ஆண்டு இருக்குமிடம் தெரியாவிட்டாலே போதும். இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் தராததும் தனிக் காரணம்.

ஜீவனாம்சத்துக்கு மதம் குறுக்கே வராது. முன்பு 125 என்று ஊரே அறிந்த பிரிவு, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு சம்மன் போய்ச் சேர நாளாகும் என்பது உண்மைதான். ஆனால், வாரன்ட் பிறப்பித்தும் வராதவரின் பாஸ்போர்ட்டை முடக்க 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3) பிரிவில் வழி இருக்கிறது. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கிளம்பும் முன்பே

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்' என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதோடு சேர்த்து 10 லட்ச ரூபாய் காப்பீடும் வரும். இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். 2020-ல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரை தூத்துக்குடிக்கு அழைத்து வந்ததே, அதில் தமிழக மீனவர்கள் நிறையப் பேர். அந்த 18 நாடுகளில் ஈரான் இல்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே போகிறவர் ஒப்பந்தத்தை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

அவர் விமானம் ஏறும் முன் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டு எண், ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனைவியின் போனில் வைத்துவிடுங்கள். ஏதாவது ஆகிவிட்டால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் செய்யும்போது இந்த விவரங்கள்தான் கைகொடுக்கும். கல்யாணத்தைப் பதிவு செய்யாத ஜோடிகள் அதையும் முடித்துவிடுவது நல்லது. கோயிலிலோ சர்ச்சிலோ நடந்திருந்தாலும், 2009-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

'பேப்பரெல்லாம் அங்க போனதும் தருவாங்க' என்று ஏஜென்ட் சொன்னால், கையில் இருப்பது வேலை விசாவா, விசிட் விசாவா என்று அங்கேயே பிரித்துப் பாருங்கள். விசிட் விசா என்றால், அந்தக் காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.