சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பர். அச்சுவராலேயே சித்திரம் அழிவதும் உண்டென்பதை மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வோர் நன்கறிவர். ஐப்பசியில் வாடையும் மழையும் தொடங்கிவிட்டால் தை பிறக்கும்வரை சுவரில் ஈரம் உலர்வதில்லை. உவர் பூத்த சுவரோடு நெருங்கித் தொங்கும் படத்தின் முதுகிலே முதலிற் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்து இராமபாணப் பூச்சி வந்து சேரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய நிழற்படத்தை உரிக்க முயன்றாலோ, பாட்டனாரின் முகமே கண்ணாடியோடு போய்விடும்.

ஆதலின், படம் மாட்டுமுன் சுவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். சாரல் அறையும் வெளிச்சுவரினும் இரண்டறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரே நன்று. சட்டத்தின் கீழ்மூலைகளிற் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், பின்புறத்தே காற்று உலாவும். நிழற்படத்தைச் சுற்றித் தடித்த மட்டையாற் கரையிட்டால் கண்ணாடி அதனைத் தொடாது. வெயில் நேரே விழும் இடம் எப்படத்துக்கும் ஆகாது. நீர் சொட்டும் பூமாலையைச் சட்டத்தின்மேற் சார்த்துவதும் தவிர்க்கத் தக்கதே. பக்திக்கு அதனாற் குறைவில்லை.

இனி, உயரம். நம்மவர் பலர் படங்களைக் கூரையை ஒட்டி மாட்டிவிடுகின்றனர். பல்லிக்கன்றி வேறெவர்க்கும் அவை தெரிவதில்லை! படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருப்பின் நின்று பார்ப்போர்க்கு இசையும். சிறுவர் படிக்கும் அறையில் இன்னுந் தாழ்த்தலாம். பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்திற் கூடியோர் காமனையும் இரதியையும், அகலிகையையும் இந்திரனையும் ஒருவர்க்கொருவர் சுட்டிக்காட்டி, வினவியும் விளக்கியும் நின்றதைக் கூறுகின்றது. வீட்டுப் படமும் அவ்வாறு வினவப்படும் இடத்தில் இருத்தல் வேண்டுமென்பதே எம் கருத்து.

பூசையறைப் படங்களுக்கும் வரலாறு உண்டு. இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகமே தெய்வ ஓவியங்களை எளியோர் இல்லங்களுக்குங் கொண்டுசென்றது. பின்னர்க் கோவிற்பட்டியிற் கொண்டையராஜு வரைந்தவை நாட்காட்டிகளாய்ப் பரவின. ஆண்டு கழிந்த நாட்காட்டியை வீச மனமின்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாய் மாட்டிச் சுவரை நிரப்புவோர் பலர். பொருந்திய இரண்டு மூன்றை மட்டும் சட்டமிட்டு வைத்தால் கண்ணுக்கும் அமைதி, கருத்துக்கும் அமைதி.

ஆயினும், அச்சிட்ட படத்தை மீண்டும் வாங்கலாம். பூட்டியின் ஒரே நிழற்படத்தை எங்கே வாங்குவது? 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கூரையைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடிப் பக்கத்துச் சுவர்களையே வாரிக்கொண்டு போயிற்று. சுவரோடு போன முகங்கள் எத்தனையோ!

இன்று கைப்பேசியாலும் படியெடுக்கலாம். விளக்கொளி கண்ணாடியிற் பட்டுத் தெறிக்காவண்ணம் பகலொளியில் எடுத்தல் நலம். வீட்டு முதியோர் இருக்கும்போதே அவரைக் கேட்டு, படத்தில் உள்ளார் பெயர், முறை, ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுக. எழுவான்கரையார் ஒரு படியைப் படுவான்கரை உறவினரிடம் கொடுத்துவைக்கலாம். அவர் வீட்டுப் படியொன்றை இங்கே வாங்கி வைக்கலாம். மாரி தொடங்குமுன் செய்தல் நன்று.