கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் இதய நோய்க்கானவை பெருகி வருகின்றன. குடும்பத்தாரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தான் வாங்குகிறோம்" என்று பலரும் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த விளக்கம்.

இறைச்சி, முட்டை, பால், மீன் போன்றவற்றில்தான் கொலஸ்ட்ரால் உண்டு. கடலை, எள், சூரியகாந்தி என எந்த வித்திலிருந்து எடுத்தாலும் எண்ணெயில் அது இருப்பதில்லை. பாக்கெட்டில் எழுதியிருப்பது பொய்யல்ல, அதில் தனிப் பெருமையும் இல்லை.

இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. நெய், வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு போல உறைந்து நிற்பவற்றில் இது மிகுதி. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் இதுதான். குளிர்காலத்தில் அது கட்டியாவதும் இதனால்தான். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெயில் குறைவு.

நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 8 கிராம் வந்துவிடும். நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு, கொழுப்போடு சேர்ந்த கறி மூன்றும் ஒரே தட்டில் கூடினால் என்னவாகும்? கல்யாண விருந்தைக் குறை சொல்லவில்லை. அது எப்போதோ ஒரு நாள். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அதையே சமைப்பதைத்தான் சொல்கிறோம். கறியை வாங்கும்போதே வெள்ளைக் கொழுப்பை நீக்கித் தரச் சொல்லலாம். மத்தி, அயிலை மீன்களின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது. குழம்பு வையுங்கள், எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டாம்.

தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி இறுக வைப்பதே வனஸ்பதி. அப்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்லாவற்றிலும் மோசம். 2022 முதல் நம் நாட்டில் அதற்கு 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆயினும் வனஸ்பதியில் நிறைவுற்ற கொழுப்பு ஏராளம்.

நல்ல எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 38 கிராம் ஆகிறது. மூன்றரை லிட்டருக்குள் முடித்தால் கணக்குச் சரி. எண்ணெய் டின்னைத் திறக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். எத்தனை நாள் வருகிறது என்று தெரியும்.