முத்திராராட்சசம்: சூழ்ச்சி தெரிந்த பின்னும் குறையாத பதற்றம்

மைசூர் அரண்மனையை அடுத்துள்ள அக்ரஹாரம், அந்தப் பெயர் காட்டுவது போலவே, அரசர்கள் கற்றோருக்கு வீடும் நிலமும் அளித்துக் கல்வியைப் போற்றிய மரபை நினைவூட்டும் பகுதியாகும். அம்மரபை வளர்த்த அரசர்களுள் ஒருவரான மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1823ஆம் ஆண்டில், கெம்பு நாராயணர் என்பவர் 'முத்ராமஞ்சூஷை' என்னும் நூலைக் கன்னட உரைநடையில் எழுதினார். கன்னடத்தின் தொடக்கக்கால உரைநடைக் கதைகளுள் ஒன்றாக மதிக்கப்படும் அந்நூல், விசாகதத்தரின் 'முத்திராராட்சசம்' என்னும் வடமொழி நாடகத்தின் கதையைத் தழுவியது. சாணக்கியரின் சூழ்ச்சியை ஏழு அங்கங்களில் விரிக்கும் அந்நாடகம், இந்திய மொழிகளில் கிடைக்கும் மிகப் பழைய சஸ்பென்ஸ் நாடகங்களுள் ஒன்று. நாடகத்தின் உறுப்புகளைப் பயில விரும்புவோர்க்கு அதைக் காட்டிலும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

சஸ்பென்ஸ் என்றவுடன், கடைசிப் பக்கம் வரை குற்றவாளியை மறைத்து வைத்திருக்கும் துப்பறியும் கதையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் மறைத்து வைத்ததைத் திடீரென்று வெளிப்படுத்துவதால் பிறப்பது வியப்பு மட்டுமே. அது ஒரு நொடியில் தோன்றி மறுநொடியில் அடங்கிவிடும். இந்த வேறுபாட்டைத் திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது அங்கே உட்கார்ந்து பேசுவோர்க்கும் தெரியாமல், பார்ப்போர்க்கும் தெரியாமல் இருந்து வெடித்தால் அது வியப்பு. பார்ப்போர்க்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர்கள் பேசும் வெற்றுப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பதற்றத்தைக் கூட்டும், அதுவே சஸ்பென்ஸ். அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விசாகதத்தர் இந்த உத்தியின் முழு ஆற்றலையும் அறிந்திருந்தார் என்பதை நாடகத்தின் முதல் அங்கமே காட்டிவிடுகிறது.

கதையின் பின்னணி சிக்கலற்றது. நந்தர் குலத்தை வேரறுத்துச் சந்திரகுப்தனை அரியணையில் ஏற்றிய சாணக்கியர், அந்த அரசு நிலைக்க வேண்டுமானால் நந்தரின் அமைச்சனாக இருந்த ராட்சசனே அதற்கும் அமைச்சனாக வேண்டும் என்று எண்ணுகிறார். ராட்சசனோ, இறந்துபோன தன் அரசரின் மேல் கொண்ட பற்றினால், மலயகேது என்னும் இளவரசனோடு சேர்ந்து பாடலிபுத்திரத்தின் மேல் படையெடுக்க முனைகிறான். அவனைக் கொல்லாமல் வசப்படுத்துவதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே சாணக்கியர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால், யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்னும் இரண்டும் பார்வையாளர்க்கு ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடுகின்றன. எப்படி நடக்கும் என்பது மட்டுமே எஞ்சி நிற்கிறது.

அந்த 'எப்படி' ஒரு மோதிரத்தில் தொடங்குகிறது. எமபுரியின் தண்டனைகளைத் தீட்டிய படத்தைக் காட்டிப் பிச்சை எடுப்பவனாக வேடமிட்டுத் திரியும் ஒற்றன் ஒருவன், சந்தனதாசன் என்னும் இரத்தின வணிகனின் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ராட்சசனின் மனைவி, வாசலுக்கு ஓடிவந்த குழந்தையைப் பிடித்து இழுக்கும்போது அவள் விரலிலிருந்து நழுவிய ராட்சசனின் முத்திரை மோதிரத்தை எடுத்து வருகிறான். சாணக்கியர் உடனே ஒரு கடிதத்தைத் திட்டமிடுகிறார். எழுதுபவர் பெயரும் பெறுபவர் பெயரும் இல்லாத அக்கடிதத்தை, ராட்சசனின் நண்பனான சகடதாசனின் கையாலேயே, அவன் அறியாத வகையில் எழுதி வாங்க ஏற்பாடு செய்கிறார். வேதம் ஓதுவோர் எவ்வளவு முயன்று எழுதினாலும் எழுத்து தெளிவாக இராது என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். கடிதத்தின் மேல் மோதிர முத்திரை விழுந்ததும், கதையின் வித்து ஊன்றப்பட்டுவிடுகிறது.

வித்து என்பது இங்கே அணிக்காக வந்த சொல் அன்று. நாடக இலக்கணத்தின் கலைச்சொல். கதையின் முடிவுக்குக் காரணமாகித் தொடக்கத்தில் சிறிதாகத் தோன்றி வளரும் கருவை வடமொழி இலக்கணம் 'பீஜம்' என்கிறது. அது வளரும் ஐந்து நிலைகளைச் 'சந்திகள்' என்று அவ்விலக்கணம் வகுக்க, சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று கூறி உழவுத் தொழிலைக் கொண்டு விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து சூல்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். தமிழில் நாடகத்துக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்று கருதிய பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' எழுதியபோது அவர்க்கு முன்னிருந்த செல்வங்களுள் இந்த உரைப்பகுதியும் ஒன்று. ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு அவை வறண்ட பட்டியலாகத் தோன்றலாம். மோதிரமும் கடிதமும் எந்த அங்கத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடிக்கொண்டே படிப்பவர்க்கு அவை கதை வளரும் படிகளாகவே புலப்படும்.

இரண்டாம் அங்கம் நாடகக் கலையின் மற்றொரு சிக்கலைத் தீர்க்கும் முறையைக் காட்டுகிறது. போர், கொலை போன்றவற்றை மேடையில் நேரே காட்டலாகாது என்பது பழைய இலக்கணத்தின் விதி. ஆகவே சந்திரகுப்தனைக் கொல்ல ராட்சசன் செய்த முயற்சிகள் யாவும், பாம்பாட்டி வேடத்தில் வரும் அவனுடைய ஒற்றன் விராதகுப்தன் வாய்வழியாகவே சொல்லப்படுகின்றன. மருத்துவன் கலந்த நஞ்சு பொற்கிண்ணத்தின் நிறம் மாறியதால் பிடிபட்டது. படுக்கையறையில் ஒளிந்திருந்த கொலையாளிகளின் கதை இன்னும் நுட்பமானது: அரசன் நுழையுமுன் அறையைச் சோதித்த சாணக்கியர், சுவரின் வெடிப்பிலிருந்து சோற்றுப் பருக்கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளிவரும் எறும்புகளைக் கண்டு, உள்ளே மனிதர் இருப்பதை உணர்ந்து அறையையே கொளுத்திவிடுகிறார். ஒவ்வொரு செய்தி தொடங்கும்போதும் ராட்சசன் மகிழ்ச்சியோடு முன்னே சாய்வதும் அது முடியும்போது உடைந்துபோவதும்தான் மேடையில் நிகழும் செயல். நடந்ததைக் காட்டாமல், அதைக் கேட்பவனின் முகத்தைக் காட்டுவதால், பார்வையாளரின் பரிவு அவர்கள் அறியாமலே தோற்பவன் பக்கம் நகரத் தொடங்குகிறது.

பாத்திரப் படைப்பைப் பற்றிய வினாவும் இங்கேதான் எழுகிறது. இந்நாடகத்தின் தலைவன் யார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை; சந்திரகுப்தன் என்போரும் உண்டு, சாணக்கியர் என்போரும் உண்டு. காதலும் இல்லை, தலைவி என்று சொல்லத்தக்க பெண் பாத்திரமும் இல்லை என்பதால், வழக்கமான அளவுகோல்கள் இதற்குப் பொருந்துவதில்லை. செயலை நடத்துபவர் சாணக்கியர் என்பதில் ஐயமில்லை. எனினும் மனமாற்றம் யாருக்கு நேர்கிறதோ, யாருக்காகப் பார்ப்போர் அஞ்சுகிறார்களோ அவனே நாடகத்தின் உயிர் என்று கொண்டால், அந்த இடம் ராட்சசனுக்கே உரியது. நூலின் பெயரும் முத்திரையோடு அவனையே இணைத்துச் சொல்கிறது.

ஐந்தாம் அங்கம் உலக நாடக இலக்கியத்தின் எந்தச் சிறந்த காட்சிக்கும் ஈடாக நிற்கக்கூடியது. ராட்சசனின் நம்பிக்கையைப் பெற்றுவிட்ட சாணக்கியரின் ஆள் சித்தார்த்தகன், மலயகேதுவின் பாசறையை விட்டு வெளியேறும்போது அனுமதி முத்திரை இல்லாமல் வேண்டுமென்றே பிடிபடுகிறான். அடிபடுகிறான், கடிதமும் நகைப்பெட்டியும் அவனிடமிருந்து கிடைக்கின்றன. பெட்டியில் இருப்பவை மலயகேதுவே ராட்சசனுக்கு அனுப்பி, ராட்சசன் சித்தார்த்தகனுக்குப் பரிசாகக் கொடுத்த அணிகள். மலயகேதுவின் அழைப்பை ஏற்று வரும் ராட்சசன், இளவரசனை வெறுங்கழுத்தோடு காண்பது முறையன்று என்று எண்ணி, அண்மையில் விலைக்கு வாங்கிய அணிகளைப் பூண்டு வருகிறான். அவை மலயகேதுவின் இறந்துபோன தந்தை பர்வதகன் அணிந்தவை. அவனிடம் அவற்றை விற்கச் செய்தவரும் சாணக்கியரே. கடிதத்தின் எழுத்தைச் சகடதாசனின் வேறோர் எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. முத்திரையும் ராட்சசனுடையதே. அவன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று மலயகேது நம்பிவிடுகிறான். சான்றுகள் ஒன்றுகூட எழுத்தளவில் பொய்யன்று. அவற்றைக் கோத்த நூல் மட்டுமே பொய். பார்வையாளர்க்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய இயலாது. நண்பன் சகடதாசனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ராட்சசன் தவறாக முடிவு செய்யும் கணத்தில், சாணக்கியரின் கூர்மையை வியந்துகொண்டிருந்த மனம் கலங்கிவிடுகிறது. சஸ்பென்ஸ் வெறும் விறுவிறுப்பாக நின்றுவிடாமல் அறச்சிக்கலாக உயரும் இடம் இது.

இத்தகைய ஒற்றாடல்கள் கவிஞரின் கற்பனை மட்டும்தானா என்னும் வினாவுக்கு விடை கிடைத்ததும் மைசூரில்தான். 1905ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடி, மரபு சாணக்கியராகவே கொள்ளும் கௌடில்யரின் 'அர்த்தசாஸ்திரம்' என்னும் அரசியல் நூல் என்பதை நூலகப் பொறுப்பில் இருந்த ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார், 1909இல் மூலத்தைப் பதிப்பித்து, 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முழுநூலாக வெளியிட்டார். மாணவர், துறவி, வணிகர் என்று பல வேடங்களில் ஒற்றரை அமர்த்துவது, அரசனின் உணவில் நஞ்சு கலந்திருப்பதை அறிவது, அரசு ஆவணங்களை எழுதுவது ஆகியவற்றை அந்நூல் விதிகளாக வகுத்துரைக்கிறது. அவ்விதிகளை அறிந்து நாடகத்தைப் படிப்பவர்க்கு, துறவி வேடத்தில் ராட்சசனோடு நட்புக்கொண்ட ஒற்றனும் நிறம் மாறிய கிண்ணமும் புதிய பொருளோடு விளங்கும். ஆயினும் நாடகத்தை வரலாறாகக் கொள்வது பிழை. விசாகதத்தர் சந்திரகுப்தனின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்.

இறுதி இரண்டு அங்கங்களில் சாணக்கியர் விரிக்கும் வலை நட்பினால் பின்னப்பட்டது. எல்லாவற்றையும் இழந்து பாடலிபுத்திரத்துத் தோட்டம் ஒன்றில் தனியே அமர்ந்திருக்கும் ராட்சசனின் கண்ணில் படும்படி, ஒருவன் கயிற்றோடு சாக முயல்கிறான். அவன் வாயிலாக, அடைக்கலம் தந்த குற்றத்துக்காகச் சந்தனதாசன் கழுவேற்றப்பட இருப்பது தெரியவருகிறது. தன்னைக் கொடுத்து நண்பனைக் காக்க ராட்சசன் கொலைக்களத்துக்கு விரைகிறான். பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் 'மண்ணியல் சிறுதேர்' வழியாகத் தமிழர் அறிந்த 'மிருச்சகடிகம்' என்னும் வடமொழி நாடகத்திலும் கொலைக்களக் காட்சி உண்டு. அங்கே தலைவன் சாருதத்தனை உண்மை வெளிப்பட்டுக் காக்கிறது, இங்கே பகைவனின் பெருந்தன்மை காக்கிறது. கொலையாளிகளாக நின்றவர்களும் சாணக்கியரின் ஆட்களே. அமைச்சுப் பதவிக்குரிய வாளை ஏற்றால்தான் சந்தனதாசன் உயிர் பிழைப்பான் என்னும் நிலையில் ராட்சசன் அதை ஏற்கிறான். மலயகேதுவும் விடுதலை பெறுகிறான். அடியார்க்கு நல்லார் சொன்ன துய்த்தல் இது. உண்பவர் முகத்தில் மகிழ்ச்சியோடு துயரின் நிழலும் கலந்திருப்பதே விசாகதத்தரின் தனிச்சிறப்பு.

கல்லூரிகளில் நாடகத்தின் உறுப்புகளைக் கற்பிப்போர், கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், சுவை என்று தலைப்புகளாகப் பிரித்துக் குறிப்பெழுதச் செய்வதற்கு முன்னால், இந்நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை மாணவர்களைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும், அந்த நேரத்தில் அதைப் பேசுபவனுக்கு என்ன தெரியும், கேட்பவனுக்கு என்ன தெரியும், பார்ப்பவர்க்கு என்ன தெரியும் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் போதும். உறுப்புகளின் பெயர்களை அதன் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.