பொன்மலைப் பணிமனை

பொன்மலையின் வரலாறு நாகப்பட்டினத்தில் தொடங்குகிறது என்பதை நாம் பலரும் அறியோம். நாகையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை, 1862-ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியை அடைந்தது. ஆயினும் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பணிமனை துறைமுகப் பட்டினமாகிய நாகையிலேயே அமைந்திருந்தது. பாதைகள் பல திசையிலும் பெருகவே, அவை கூடும் சந்திப்பாகிய திருச்சியே அதற்கு ஏற்ற இடமாயிற்று. 1928-இல் பொன்மலையில் புதிய பணிமனை இயங்கத் தொடங்கியது.

எந்திரங்கள் இடம்பெயர்ந்தபோது ஆட்குறைப்பும் உடன் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது அடக்கப்பட்டது, தலைவர் சிங்காரவேலர் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர்.

நீலகிரி மலையேறும் நீராவி எஞ்சின்கள் சில இந்நூற்றாண்டில் அப்பணிமனையிலேயே உருவாயின. அவற்றின் சிறப்பைப் போற்றும்போது, நாகையை விட்டு வந்தோரையும் வேலை இழந்தோரையும் நாம் நினைத்தல் கடன்.