அடுப்பே எரியாத ஓட்டலுக்கு ஒரு மட்டன் பிரியர் போனால்...!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காசிமேட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு ஓடுகிற குடும்பமா உங்களுடையது? வஞ்சிரமா, சங்கராவா என்று பேரம் பேசி வாங்கி, பாதி குழம்பு, பாதி வறுவல். மதியம் மட்டன் பிரியாணி தனி! ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இதெல்லாம் சகஜம்தான்.

திடீரென்று ஒரு நாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டுமே எகிறியிருக்கின்றன. "கறியைக் குறைங்க" என்கிறார் டாக்டர். உடனே ஒரு நண்பர், "ஒரு தபா இயற்கை உணவு ஓட்டலுக்கு வா சார், அப்புறம் மாத்திரையே வேணாம்" என்று கூப்பிடுகிறார். போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது!

இந்தச் சாப்பாடு நமக்குப் புதிதல்ல. பொதிகை மலையடிவாரத்துச் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய மூ. ராமகிருஷ்ணன், தேங்காயும் பழமும் போதும் என்று பல காலம் சொல்லி வந்தார். பிறகு கோவையில் 'படையல்' உணவகம், எண்ணெயும் அடுப்பும் இல்லாத சமையலால் பேசப்பட்டது. இறைச்சி, மீன் மட்டுமல்ல. பால், தயிர், நெய்கூட இங்கே கிடையாது.

தட்டில் என்ன வரும்? முளைகட்டிய பயறு, தேங்காய்த் துருவல் போட்ட கேரட், தேங்காய்ப்பாலில் ஊறிய அவல், பேரீச்சம்பழப் பாயசம். (அவல், நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததுதான். அது எப்படிப் 'பச்சை' ஆகும் என்று யாரும் கேட்பதில்லை!) முதல் வாய் வைத்ததும் "இன்னா சார் இது, உப்பு காரம் ஒண்ணும் இல்ல" என்று தோன்றும். எலுமிச்சை, இஞ்சி, மிளகு கொஞ்சம் தூக்கலாகக் கேளுங்கள். கறி தின்று பழகிய நாக்குக்கு அதுதான் கை கொடுக்கும்.

ஒரு வேளைக்கு இது நல்ல சாப்பாடுதான். நார்ச்சத்து ஏராளம், வறுத்த எண்ணெய் இல்லை, காய்களின் வைட்டமின் சி வெந்து வீணாவதில்லை. ஆனால் கொலஸ்ட்ரால்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே ருசிக்குக் கொட்டுவதெல்லாம் தேங்காயும் முந்திரியும். 100 கிராம் முந்திரியிலேயே சுமார் 550 கலோரி! தேங்காய்க் கொழுப்போ கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது.

சரி, இனிமேல் எல்லா வேளையும் இதுவே என்று முடிவெடுத்தால்? காந்திஜியே 1929-ல் அதைச் செய்து பார்த்தார். உடம்பு தளர்ந்து வயிற்றுக்கடுப்பும் வந்ததால் சில மாதங்களில் விட்டுவிட்டார். ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவே சாப்பிட்டவர்களை ஆராய்ந்தார்கள். 1999-ல் வெளியான முடிவின்படி, 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு மாதவிலக்கு தாறுமாறாகவோ, நின்றோ போயிருந்தது. உடம்புக்கு வேண்டிய கலோரி கிடைக்காமல் எடை சரிவதே முக்கியக் காரணம். 2005-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 38 சதவிகிதம் பேருக்கு பி12 வைட்டமின் பற்றாக்குறை.

இந்த பி12 கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது. சில வருடம் கழித்துக் கால் மரத்துப் போகும், மறதி வரும், சோர்வு தட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கனவே பி12 குறைய வாய்ப்பு உண்டு. அவர்கள் பாலையும் விட்டுவிட்டால் கேட்க வேண்டுமா?

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாதத்தை விட்டு வெறும் காய்கறியோடு எழுந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி, வேர்த்து மயக்கம் வரலாம். அதற்குப் பயந்து நீங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் மறுபடி எகிறும். டாக்டரிடம் சொல்லித்தான் அளவை மாற்ற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று அள்ளித் தின்றால் மருந்து வேலை செய்யாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் பச்சைக் காயும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.

முளைப்பயறைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் மூலம் ஈ.கோலை கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைக்க வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஆவியில் வேகவைத்தே கொடுங்கள். ராஜ்மா, மரவள்ளிக்கிழங்கு இரண்டையும் யாருமே பச்சையாகத் தொடக் கூடாது. விஷம்!

முதல் தடவை அரைத் தட்டு போதும். நார்ச்சத்து பழகாத வயிறு ராத்திரி பூரா உப்பிக்கொண்டு படுத்தும்.

அடுத்த ஞாயிறு? மீனை எதற்கு விட வேண்டும்? வில்லன் மீன் இல்லை, திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற வறுவல் எண்ணெய்தான். மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் நிறைய, விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவு. பக்கத்தில் வெள்ளரியும் கேரட்டும் நன்றாகக் கழுவி நறுக்கி, எலுமிச்சை பிழிந்து ஒரு பெரிய கிண்ணம் நிறைய. முதலில் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்யட்டும், அப்புறம் சோற்றைப் போடுங்கள்.