போர் தண்ணீருக்கு ஏற்ற சிக்லிட்

திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த ஏரியில் வலை வீசினாலும் ஜிலேபி கெண்டை சிக்கும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கண்ணாடித் தொட்டி வளர்ப்பாளர்கள் ஆசை ஆசையாய் வாங்கும் சிக்லிட் குடும்பத்தில்தான் இதுவும் அடங்கும். ஏறத்தாழ 1,700 வகைகள் கொண்ட அந்தக் குடும்பத்தில் இந்தியாவின் சொந்த மீன்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று, கேரளத்தார் கொண்டாடும் கரிமீன். இன்னொன்று அதன் சிறிய உறவான ஆரஞ்சு குரோமைடு. எட்டு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வது அரிதான இந்த மீன், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே, பழவேற்காடு ஏரியில் வாழ்கிறது.

ஆனால் கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போகிற இளைஞர்களின் கண் முதலில் விழுவது ஜெர்மன் ப்ளூ ராம் மீது. நீலப் புள்ளிகள் மின்னும், விரல் நீளம்கூட இல்லாத குட்டி சிக்லிட் அது. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஓரினோகோ ஆற்றுப் படுகைதான் அதன் தாயகம். அங்கே நீர் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, சூடானது. சூடு நம்மூரில் தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் நீரில்தான்.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தின் நிலத்தடி நீருக்கு ஒரு சோகக் கதை உண்டு. சென்னையின் தாகம் தீர்க்க மீஞ்சூர் கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டதால், 1960-களின் இறுதியிலேயே கடல் நீர் உள்ளே ஏறத் தொடங்கியது. இன்றும் அப்பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதை அப்படியே தொட்டியில் ஊற்றினாலும் ராம் ஜோடி சேரலாம், தட்டைக் கல்லில் முட்டையும் இடலாம். ஆனால் கால்சியம் மிகுந்த நீரில் அந்த முட்டைகளில் பெரும்பாலானவை பொரியாமல் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ராமின் குஞ்சுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆர்.ஓ. நீரைக் கலந்து கடினத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு குட்டி சிக்லிட் இனமான அபிஸ்டோகிராமாவுக்கு வெயிலும் பிரச்சினை. ஜெர்மனியின் ஊவே ரோமரும் வொல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் இதன் 37 வகைகளை வெவ்வேறு வெப்ப நிலைகளில் வளர்த்துப் பார்த்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சுகள் வளரும் நீர் சூடாக இருந்தால், பெரும்பாலான வகைகளில் ஆண்களின் விகிதம் கூடியது. சித்திரை வெயிலில் 30 டிகிரியைத் தாண்டும் திருவள்ளூர் வீட்டுத் தொட்டியில் ஒரு ஈடு முழுவதும் ஏறக்குறைய ஆண்களாகவே முடிந்தால் வியப்படைய ஏதுமில்லை.

இத்தனை பாடுபடுவதற்கு முன்பு பழவேற்காட்டு மீனை ஒருமுறை கவனிக்கலாம். மழைக்காலத்தில் ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் ஏரி நீர் சுண்டி உப்பேறும். இந்த இரண்டையும் தாங்கிப் பழகிய உடம்பு ஆரஞ்சு குரோமைடுடையது. கடின நீரும் கொஞ்சம் உப்பும் அதற்குச் சொந்த வீடு. ஓரினோகோ மீனுக்காக நீரை மாற்றுவதைவிட நம் நீருக்கேற்ற மீனை வளர்ப்பதுதான் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும்.

அதன் குடும்ப வாழ்க்கையோ, எந்த ராமுக்கும் குறைந்ததல்ல. ஆணும் பெண்ணும் ஒரு கல்லையோ மண் சட்டியையோ வாயால் துப்புரவாக்கும். பெண் இடும் முட்டை ஒவ்வொன்றும் சிறு காம்பில் தொங்கும். வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாளில் அவை பொரியும். பெற்றோர் மணலில் குழி பறித்துக் குஞ்சுகளை வாயில் கவ்வி அங்கே சேர்க்கும். அடிக்கடி குழியையும் மாற்றும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை உரசிச் செல்கின்றன. அந்த உரசலில் அவை தாய் தந்தையின் தோலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்கின்றன. ஜாக் வார்டும் ஜார்ஜ் பார்லோவும் இந்தப் பழக்கத்தைப் பற்றி 1967-ல் விரிவாக எழுதினார்கள். பாலூட்டி அல்லாத ஓர் உயிர் தன் உடம்பையே பிள்ளைக்கு உணவாக்குவதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய பேறு!

பல மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் இது நடக்குமா? நடக்கும், இடம் இருந்தால். மூன்றடித் தொட்டியாவது வேண்டும். ஐந்தாறு குட்டிகளாக வாங்கி விட்டால் அவையே ஜோடி பிரித்துக்கொள்ளும். கடையில் ஆண் பெண் பார்த்து வாங்குவது கடினம். துணைக்கு, உப்பைத் தாங்கும் மோலி பொருந்தும். முட்டையிட்ட ஜோடி தொட்டியின் ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு மற்ற மீன்களை விரட்டும். அவை ஒதுங்கக் கற்களும் சட்டிகளும் எதிர்மூலையில் இருக்க வேண்டும். பவர் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும் என்பதால் ஸ்பான்ச் ஃபில்டர்தான் சரி. கோழை மட்டும் குஞ்சுக்குப் போதாது. அன்றன்று பொரிந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தர வேண்டும். பெற்றோர் எவ்வளவு காத்தாலும் இரவில் சில குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். எல்லாம் பிழைக்க வேண்டுமென்றால் ஜோடிக்குத் தனித் தொட்டி வேண்டும்.

இயற்கையில் இந்தச் சிறு மீனுக்கும் கரிமீனுக்கும் உள்ள உறவும் விசித்திரமானது. இலங்கை நீர்நிலைகளில் ஆய்வு செய்த வார்டும் ரிச்சர்ட் வைமனும் இரண்டு முகங்களைக் கண்டார்கள். இளம் குரோமைடுகள் கரிமீனின் துடுப்பிலுள்ள பூஞ்சையைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. வளர்ந்த குரோமைடுகளோ அதே கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. வைத்தியமும் திருட்டும் ஒரே வீட்டில்.

கடைகளில் கிடைக்கும் ஆரஞ்சு குரோமைடுகள் பெரும்பாலும் மஞ்சளும் ஆரஞ்சுமாய்ப் பளிச்சிடும் வளர்ப்பு வகை. ஏரியில் வாழ்பவை பச்சை கலந்த பொன்னிறம், உடலில் கரும்புள்ளி. வாங்கும்போது அந்த மீன் எந்த நீரில் இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நன்னீரில் வளர்ந்ததை உப்பு நீருக்கு மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல், சில நாள்களில் உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.