முகமூடிக்குள் சிரிப்பு

ஒரு சூப்பர் ஹீரோ படவரிசையில் பழைய கதையை ஓரங்கட்டிவிட்டு, புது நடிகரை வைத்து முதலிலிருந்து தொடங்குவதை 'ரீபூட்' என்கிறார்கள். அப்படித் தொடங்கும்போது சில சமயம் கூடுதலாகச் சேர்வது நகைச்சுவை. காரணம், கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்பைடர்மேனை 2002-இல் சாம் ரெய்மி எடுத்தார். 2012-இல் மார்க் வெப் மறுபடி தொடங்கினார். இரண்டிலும் சிலந்தி கடித்தது, பென் பெரியப்பா செத்தார். 2017-இல் ஜான் வாட்ஸ் இயக்கிய 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' இரண்டையுமே காட்டவில்லை. பதினைந்து வயதுப் பையனின் அவசரக்குடுக்கைத்தனத்துக்கு அந்த இடம் கிடைத்தது.

அதில் ஒரு காட்சி தாம்பரத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வில்லனின் ஆட்களைத் துரத்தும் ஸ்பைடர்மேன் புறநகருக்கு வந்து மாட்டிக்கொள்கிறான். வலையை ஒட்டி ஊசலாட உயரமான கட்டடமே இல்லை. கோல்ஃப் மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுகிறான். வேலி, கொல்லை, கூரை என்று விழுந்தடித்துப் போகிறான். சேலையூரின் உள் தெருக்களிலும் அவனுக்கு இதே கதிதான்: மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி. அவனுடைய சக்தி துளியும் குறையவில்லை. வந்து சேர்ந்த இடம்தான் அவனைக் கோமாளியாக்குகிறது.

குரோம்பேட்டை வெற்றி போன்ற தியேட்டர்களில் தமிழில் பார்ப்பவரைச் சிரிக்க வைப்பது வேறொரு வேலை. டப்பிங் வசனம் நடிகரின் வாயசைவுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலச் சிலேடை தமிழுக்கு வராது. முகமூடிதான் இங்கே கைகொடுக்கிறது. ஸ்பைடர்மேன், டெட்பூல் ஆகியோரின் உதடு தெரியாது என்பதால் உள்ளூர் நையாண்டியைத் தாராளமாக நுழைக்கலாம். பிரபலமான குரல் மட்டும் சில சமயம் காலை வாரிவிடும். 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ்ப் பதிப்பில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி பேசியபோது, பலருக்கு அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கை விட அவர்தான் கண்முன் நின்றார்.

தமிழிலேயே எடுக்கப்பட்ட சூப்பர் ஹீரோ படங்கள் குறைவு. 2012-இல் மிஷ்கின் இயக்கிய 'முகமூடி'யில் ஜீவா குங்ஃபூ வீரனாக வந்தார்; படம் எடுபடவில்லை. 2023-இல் மடோன் அஸ்வினின் 'மாவீரன்' எதிர்த்திசையில் போனது. தமிழ் சினிமாவின் பழைய வழக்கம், சிரிப்பைத் தனி டிராக்காக்கிக் காமெடியனிடம் ஒப்படைப்பது. இதில் யோகி பாபு இருந்தும், சிரிப்புக்கு ஊற்று சிவகார்த்திகேயனின் பயம்தான். அவர் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி; குடிசையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட அடுக்குமாடி வீட்டின் சுவர் பெயர்ந்தாலும் அனுசரித்துப் போகிறவர். பெரும்பாக்கம், செம்மஞ்சேரிவாசிகளுக்கு அந்தச் சூழலை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் காதில் மட்டும், அவரே உருவாக்கிய வீரனின் கதையை ஒரு குரல் சொல்லத் தொடங்குகிறது. அது கேட்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார். எதிரே நிற்பவர்களும் ஒன்றும் புரியாமல் விழிக்கிறார்கள். அந்தக் குரல் விஜய் சேதுபதியுடையது. அயர்ன்மேனுக்கு ஒட்டாத அந்தக் குரல் இங்கே கச்சிதமாகப் பொருந்தியது. வில்லனாக வரும் அமைச்சர், 'முகமூடி' எடுத்த அதே மிஷ்கின்.

சிரிப்பின் அளவு தவறினால் படம் சறுக்கும். 2017-இல் 'தோர்: ரக்னராக்' மூலம் தோரை வேடிக்கைக்காரனாக்கிய டைக்கா வைட்டிட்டி, 2022-இல் 'லவ் அண்ட் தண்டர்' படத்தில் காதலியின் புற்றுநோய்க்கு அருகிலேயே ஜோக்குகளை அடுக்கினார்; விமர்சகர்கள் பலர் அதை ரசிக்கவில்லை. 'மாவீரன்' இந்தக் குழியைத் தாண்டுகிறது. அதுவரை சிரிக்க வைத்த குரலே, வீரனின் கதை சாவில்தான் முடியும் என்று சிவகார்த்திகேயனிடம் சொல்கிறது.